முப்பத்திரண்டும் சொந்தப் பல்

"யாரு சொன்னா?"

நாற்காலியில் ஆள் சாய்வதற்குள் இந்தக் கேள்வி வந்து விழும். படிவத்தில் பெயர் உண்டு, வயது உண்டு, சர்க்கரை உண்டா புகை உண்டா என்பதெல்லாம் உண்டு. இந்தக் கேள்வி மட்டும் கிடையாது. அது முப்பத்திரண்டாரின் சொந்தச் சரக்கு. பதிலை அட்டையின் இடது ஓரத்தில் பொடி எழுத்தில் குறித்துக்கொள்வார். மனைவி. மகள். மருமகள், சண்டையில்.

ஈறு வைத்தியம் பார்க்கும் அந்த அறையில் இருபத்தொன்பது வருஷமாக எழுத்து வேலை அவருடையது. டாக்டரம்மா கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி, ஒரு பல்லுக்கு வெளியே மூன்று இடம், உள்ளே மூன்று இடம் என்று ஆழம் பார்த்துச் சொல்லிக்கொண்டே போவார். "மூணு, ரெண்டு, மூணு. நாலு, ரத்தம்." இவர் எண்ணை நீலத்தில் எழுதி, ரத்தத்துக்குச் சிவப்புப் புள்ளி வைப்பார். மூன்று மில்லிமீட்டர் வரை கவலை இல்லை. நாலும் ஐந்தும் எச்சரிக்கை. ஆறு வந்துவிட்டால் அடியில் எலும்பு கரைகிறது என்று பொருள். பிறகு எக்ஸ்ரேயையும் பார்த்து, நோய் முதல் நிலையா நான்காம் நிலையா என்று டாக்டரம்மா தீர்மானிப்பார். முப்பத்திரண்டார் அதற்கு முன்பே தீர்மானித்திருப்பார்.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். தரை துடைக்க வந்து, காதில் விழுந்த எண்களைப் பிடித்து, கடைசியில் பேனாவையும் பிடித்தார். அதைச் சொல்லிக்கொள்வதில் அவருக்குக் கூச்சமே இல்லை. ஏன் கூச வேண்டும்? அப்பன் சொத்தில் வந்தவனுக்குத்தான் அடக்கம் அழகு. "காலேஜ் படிச்சவங்க படத்தப் பார்த்துக் கண்டுபுடிப்பாங்க. நான் ஆளப் பார்த்தே சொல்லிருவேன்" என்பார். அவருடைய இரண்டு கலர் பேனாவை யாரும் தொடக்கூடாது. ஒருமுறை பெரிய டாக்டரே கையெழுத்துப் போடக் கேட்டபோது, இழுப்பறையைத் துழாவி வேறு பேனா எடுத்துக் கொடுத்தார்.

பட்டப்பெயர் வந்ததும் சொந்த வாயால்தான். "அறுபத்தேழு வயசு. முப்பத்திரண்டும் சொந்தப் பல்லு. எண்ணிப் பாக்குறீங்களா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் இளித்துக் காட்டுவார். இதுவரை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

ஒரு நாள் காலை லாரி ஓட்டுநர் ஒருவர் வந்து சாய்ந்தார்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. பல்லு தானா ஆடுச்சு. வலிகூட இல்ல."

"வலிச்சா நல்ல பல்லு, ஆள் இருக்கேன்னு கூப்பிடுது. சத்தம் காட்டாம போறதுதான் ஆபத்து. வீட்ல தனியாத்தானே இருக்கீங்க?"

"அட, எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"அவனவன் வாய் நாத்தம் அவனவனுக்குத் தெரியாதுய்யா. பொண்டாட்டி பக்கத்துல இருந்தா முதல் நிலையிலேயே மூஞ்சியத் திருப்பிக்குவா. நீங்க மூணாவதுல வந்து நிக்கிறீங்க."

அளந்து பார்த்தார்கள். மூன்றாவதேதான். ஓரத்தில் 'யாருமில்லை' என்று எழுதிவிட்டு, டாக்டரம்மாவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

முப்பத்திரண்டாரின் மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். வெங்காயம் தின்றுவிட்டு வந்தால்கூட, "அந்தப் பக்கம் திரும்பிப் பேசுங்க சாமி" என்று முகத்தை உள்ளங்கையால் தள்ளுகிறவர். இப்போது வீட்டில் அவர் பேசுகிற ஒரே பேச்சு, அடுப்பை நிறுத்திவிட்டு "அணைச்சாச்சு" என்பதுதான். முன்பெல்லாம் உள்ளேயிருந்து ஒரு "சரி" வரும். கொஞ்ச நாளாக ரொட்டியை டீயில் ஊறவைத்துத்தான் தின்கிறார். கேட்டால், அதுதான் ருசி என்பார். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

பஸ்ஸிலும் அவருக்குத் தனி இடம். "நான் ஜன்னலோரம் உக்காந்தா பக்கத்து சீட்டு காலியாவே கெடக்கும். நின்னாலும் நிப்பாங்களே தவிர உக்கார மாட்டாங்க. முகத்துல ஒரு கம்பீரம் இருக்குல்ல, அந்த மரியாதைதான்." இதை அவர் சொன்ன அன்று டாக்டரம்மா சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

போன வாரம், சாயங்காலத்துக் கடைசி ஆள் வரவில்லை. முப்பத்திரண்டார் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, செத்த இதுல உக்காருங்க."

"எனக்கெதுக்கும்மா? பாறை மாதிரி இருக்கு."

"உங்க வாயில நாத்தம் வருதுய்யா." டாக்டரம்மா கம்பியைப் பார்த்தபடியே சொன்னார். "ரெண்டு மாசமா சொல்லணும்னு நெனைக்கிறேன். மனசு வரல."

முப்பத்திரண்டார் முகக்கவசத்தை மேலே ஏற்றினார். பிறகு அது எதற்கு என்று தோன்றியதோ என்னவோ, கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏறிச் சாய்ந்தார்.

"எழுத நர்ஸம்மாவக் கூப்பிடட்டுமா?"

தலையை ஆட்டி மறுத்தார். அட்டையை நெஞ்சின் மேல் நிறுத்தி, வாயைப் பிளந்தபடியே எழுத ஆரம்பித்தார். மூணு, மூணு, நாலு. ரத்தம். கீழ்வரிசைக் கடைவாய்க்கு வந்தபோது டாக்டரம்மாவின் குரல் தணிந்தது.

"ஏழு."

பேனா நின்றது.

"ஏழுதான் ஐயா."

எழுதினார். அதன் தலையில் சிவப்புப் புள்ளியும் வைத்தார். அடுத்த பல்லில் ஆறு. மேல்வரிசையில் இன்னொரு ஏழு. முப்பத்திரண்டும் இருந்தது, உண்மைதான். அதில் இரண்டு ஆடவும் தொடங்கியிருந்தன.

எழுந்து உட்கார்ந்ததும் வாயைக் கொப்புளித்துத் துப்பினார். இளஞ்சிவப்பாகச் சுழன்று ஓடியதைக் கடைசிவரை பார்த்தார்.

"எக்ஸ்ரே எடுத்துப் பாத்துரலாம். மூணாவதுதான்னு தோணுது. காப்பாத்திரலாம்யா, பயப்படாதீங்க."

"பஸ்ஸுல..." என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

கை பழக்கத்தில் அட்டையின் இடது ஓரத்துக்குப் போனது. 'யாருமில்லை' என்று எழுதி முடித்தார்.

டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "அது தப்பு. அடிங்க அத. நான் சொன்னேன்ல?"

முப்பத்திரண்டார் அட்டையை டாக்டரம்மா பக்கம் திருப்பி, பேனாவை நீலத்துக்கு மாற்றி, முனை தன் பக்கம் இருக்கும்படி பிடித்து நீட்டினார்.