கொரியா யுத்தமும் எங்கள் தோட்டத்து மொட்டை டயரும்

1. வெடித்தது பின் டயர்

இலங்கை மலைநாட்டில், வட்டவளை ரயில் ஸ்டேஷனில் அரிசி ஏற்றிக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்கு மேலேறும்போது நான் ஓட்டிவந்த லொறியின் பின் டயர் வெடித்தது. ஏற்றம் என்பதால் வண்டி அப்படியே நின்றுவிட்டது. கிளீனர் சந்தனம் குதித்திறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போட்டார். என்னைவிட மூத்தவர், எதற்கும் பதறாதவர். டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எறக்கத்துல போயிருந்தா நம்மள பள்ளத்துலதான் பொறுக்கியிருக்கணும்" என்றார்.

அன்றைக்குப் பிடித்த பயம் வெகுநாள் என்னை விடவில்லை.

தோட்டத்துக்கு இருந்தது அந்த ஒரே லொறிதான். அரிசி, உரம் ஏற்றி வருவதும், தேயிலைப் பெட்டிகளை ஸ்டேஷனில் இறக்குவதும், நோயாளிகளை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் அதில்தான். மற்ற டயர்களும் மொட்டைதான். ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் நூல் தெரிந்தது.

ஆபீசில் பெரிய கிளாக்கரிடம் புது டயர் கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பொல்லாதவர் அல்ல.

"நான் என்ன செய்யிறது? கொரியாவிலை யுத்தம் முடியிற பாடாயில்லை. சீமையிலை அதுக்கெண்டு வரியைக் கூட்டிப்போட்டாங்கள். கொம்பனி எங்களைச் செலவைக் குறைக்கச் சொல்லுது. டயர் விலையும் நெருப்பு."

"ரப்பரு நம்ம நாட்டுலதானுங்கய்யா வெளையுது?"

"ரப்பர் எங்கடைதான். டயர் அவங்கடை" என்றார்.

வெடித்த டயருக்குப் பதிலாக எங்கோ கழற்றிப் போட்ட ஒரு பழைய டயர் வந்தது.

2. ராசம்மா

அதே யுத்தம் நாங்கள் குடியிருந்த லயத்துக்குள்ளும் வந்திருந்தது. அரிசி விலை ஏறியது, பங்கீட்டில் கிடைத்த கூப்பன் அரிசி குறைந்தது. பாதிப் பேர் வீட்டில் ரொட்டியும் சாயத்தண்ணியும்தான். கொழுந்து பறிக்கும் மலையில் பெண்கள் மயங்கி விழுவது சாதாரணமாகிவிட்டது. அப்படி விழுந்தவர்களில் ஒருத்தி ராசம்மா. நிறைமாதம். அவள் புருஷன் கருப்பையா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்காரர்.

ஒரு மழைநாள் மத்தியானம் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் என்னைத் தேடி ஓடி வந்தார். "ராசம்மாவுக்குப் புள்ள குறுக்கால கெடக்கு. இங்க வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. உடனே ஆஸ்பத்திரி."

லொறியை லயத்து வாசலுக்குக் கொண்டுபோனேன். ராசம்மாவைக் கம்பளியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். நான் கருப்பையாவைத் தனியாகக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். "டயர் நிக்குமான்னு எனக்குத் தெரியாது. வழியில என்னவும் ஆகலாம்."

அவர் குனிந்து டயரைப் பார்த்தார். ராசம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. "ஏத்துங்கண்ணே. இங்க கெடந்தாலும் சாவுதானே" என்றாள்.

பின்னால் சாக்குகளை விரித்து அவளைப் படுக்கவைத்தோம். மருத்துவச்சி கூட ஏறிக்கொண்டாள். சந்தனமும் கருப்பையாவும் லயத்து ஆட்கள் சிலரும் ஆளுக்கொரு கட்டையை எடுத்துக்கொண்டு பின்சக்கரங்களை ஒட்டியே நடந்து வந்தார்கள். முதல் கியரில், ஆள் நடக்கிற வேகத்தில் இறக்கினேன். பின்னாலிருந்து ராசம்மா முனகும்போதெல்லாம் வேகம் கூட்டச் சொல்லும் மனசு. அவள் சத்தம் அடங்கினால் இன்னும் பயம்.

கோயில் வளைவில் முன் டயர் வெடித்தது. ஸ்டியரிங் பள்ளத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. என் பலம் முழுவதையும் பிரேக்கில் போட்டேன். வண்டி வழுக்கியது. "கட்டையப் போடு" என்று சந்தனம் கத்தியது கேட்டது. ஒரு குலுக்கலோடு லொறி நின்றது. என் பக்கத்துக் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். ரோட்டைக் காணவில்லை. கீழே பனிமூட்டமும் தேயிலைச் செடிகளின் தலைகளும்தான் தெரிந்தன.

"ஆடாதீங்க" என்றார் சந்தனம். "பின்னால பாரம் கொறஞ்சா முன்னால கவுந்துரும். நாங்க நாலு பேரு ஏறித் தொங்குறோம். அதுக்கப்புறம் ராசம்மாவ எறக்குங்க."

அவர்கள் பின்பலகையில் ஏறித் தொங்கினார்கள். கருப்பையாவும் மற்றவர்களும் ராசம்மாவைக் கம்பளியோடு இறக்கினார்கள். நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. கால் மரத்துப்போயிற்று. உரக்கச் சாமி கும்பிட்டால் வண்டி அசையுமோ என்று வாய்க்குள்ளேயே கும்பிட்டேன். அவளைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் வளைவு தாண்டி மறைந்த பிறகுதான், சந்தனம் கட்டைகளை இறுக்கிவிட்டு வந்து, கையைப் பிடித்து என்னை மறுபக்கக் கதவு வழியாக வெளியே இழுத்தார்.

மெயின் ரோட்டில் ஹட்டன் பஸ் வந்திருக்கிறது. டிரைவர் சிங்களவர். கம்பளியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாராம். இடம் போதாதென்று பாதிப் பயணிகள் மழையில் இறங்கி நின்றார்கள். பஸ் வேறெங்கும் நிற்காமல் ஆஸ்பத்திரி வாசலுக்கே போனது.

ராசம்மா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

3. பெரட்டுக்களத்தில்

லொறியைக் கயிறு கட்டி இழுத்தார்கள். முன் சக்கரத்துக்கு மறுபடியும் ஒரு பழைய டயர்தான் வந்தது. மறுநாள் காலை, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில், எல்லாரும் வேலைக்குப் பிரியும் முன்பு, தோட்டத்தை நடத்தும் துரை முன்னால் போய் நின்றேன்.

"இந்த டயரோட வண்டி எடுக்க மாட்டேனுங்க, தொரை."

துரை நல்ல தமிழ் பேசுவார். "அரிசி யார் கொண்டு வாறது? உன் ஆட்கள்தான் பட்டினி."

வேலை போகும், லயத்தில் குடியிருக்கும் காம்பராவும் போகும் என்று மட்டும் தெரிந்தது. அப்போது கருப்பையா வரிசையை விட்டு வெளியே வந்தார். "அரிசிய நாங்க தலையில சொமந்துக்கிறோமுங்க" என்றார். பெண்கள் பக்கத்திலிருந்தும், "சொமக்கிறோம்" என்று குரல் வந்தது.

சொன்னபடியே சுமந்தார்கள். வேலை முடிந்து ஸ்டேஷனுக்கு இறங்கி, சாக்கு அரிசியைச் சிறு மூட்டைகளாகப் பிரித்துக் கட்டித் தலையில் ஏற்றினார்கள். என்னை எப்போது வெளியே அனுப்புவார்களோ என்று பயந்துகொண்டே நானும் சுமந்தேன். ஆனால் தேயிலைப் பெட்டிகளைச் சுமக்க யாரும் முன்வரவில்லை. தேயிலை கொழும்புக்குப் போகாமல் ஸ்டோர் நிறைந்து பெட்டிகள் வெளித் தாழ்வாரத்துக்கு வந்த பிறகு, கொழும்பிலிருந்து புது டயர்கள் வந்தன. என் வேலையும் தப்பியது. அரிசி விலை மட்டும் குறையவில்லை. யுத்தம் நின்றதாகப் பேப்பரில் வந்த பிறகும் லயத்தில் ரொட்டிதான்.

இப்போது தோட்டத்து வண்டி ஓட்டுகிற தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான். வண்டியில் கோளாறு என்றால் எடுப்பதற்கு முன்பே, பத்துப் பேர் காதில் விழும்படி சொல்லுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். எங்கோ நடக்கிற யுத்தத்துக்குச் செலவைக் குறைப்பவர்களுக்கு நம் ரோட்டின் வளைவுகள் தெரியாது. நான் கிளாக்கர் ஐயாவிடம் தனியாகக் கேட்டபோது கிடைத்தது பழைய டயர். எல்லார் முன்னாலும் சொன்ன பிறகுதான் புதுசு வந்தது. அதற்குள் ராசம்மா வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பியிருந்தாள்.