அத்தான் பார்க்கப் போன கடற்கரை

என் அக்காவின் கணவரை எனக்குப் பிடிக்காது. பிரிக்ஃபீல்ட்ஸ் தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்கு வரும் பெண்பிள்ளைகளை வாசலிலேயே மேலும் கீழும் அளந்து, கையில்லாத சட்டை போட்டிருந்தால், "சால்வ போட்டுட்டு உள்ள வாம்மா" என்று திருப்பி அனுப்புவார். அந்தப் பொறுப்பை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவரே எடுத்துக்கொண்டது.

போன வருடம் ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கும் என் மகளைப் பார்க்க அக்கா, அவர், நான் மூவருமாகப் போனோம். ஆடையில்லாமல் இருக்க அனுமதியுள்ள கடற்கரை ஒன்று பக்கத்தில் இருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். "சும்மா பாத்துட்டு வரலாம் லா. உலகம் எப்படிக் கெட்டுப் போச்சுன்னு தெரிஞ்சிக்கணும் இல்ல?"

மகள் காரை நிறுத்தியதும் தெளிவாகச் சொன்னாள். "பெரியப்பா, அந்த போர்டுக்கு அந்தப் பக்கம் மட்டும்தான் பெர்மிஷன். துணியோட இருந்தாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா போட்டோ எடுக்கக் கூடாது, மொறைச்சுப் பாக்கக் கூடாது."

தலையாட்டினார். நீளக் கால்சட்டை, பாலிஷ் போட்ட சப்பாத்து, சட்டைப் பையில் கேமரா எட்டிப் பார்க்கும்படி கைப்பேசி.

அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். புத்தகம் படித்தார்கள், பழம் நறுக்கித் தின்றார்கள். கொஞ்ச நேரத்தில் எனக்கு அலுத்துவிட்டது. அவருக்கு அலுக்கவில்லை. கடலை ஒருமுறைகூடப் பார்க்காமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மணலில் இங்கும் அங்கும் நடந்தார்.

தொப்பி மட்டும் அணிந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி எழுந்து வந்து அவர் முன்னால் நின்றாள். படம் எடுக்கிறாயா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நோ, நோ மேடம்."

அழி என்றாள். அவர் வீடியோவை அழித்து முடிக்கும்வரை நகரவில்லை. அத்தனை பெண்களை அளந்த கண்கள் அவள் கால்விரலை விட்டு மேலே வரவில்லை. அக்கா கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த ஆளோடு வந்தவள் என்று தெரிந்துவிடக் கூடாதே என்று நான் தள்ளிப் போய் நின்றேன்.

ஊர் திரும்பிய பிறகு கிள்ளானில் ஒரு ஞானஸ்நான விருந்து. அங்கே ஆரம்பித்தார்.

"ஆடு மாடு மாதிரி அலையிறாங்க லா. நம்ம நாட்டுல இப்படி நின்னா போலீஸ் புடிச்சு உள்ள போட்ருவான். நான் கண்ண மூடிக்கிட்டு வந்துட்டேன்."

மேஜையில் இருந்த அங்கிள்கள் உச்சுக்கொட்டினார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"கண்ண மூடிக்கிட்டு எப்படி அத்தான் வீடியோ எடுத்தீங்க?"

"சும்மா ஜோக் அடிக்கிறா" என்று அத்தான் சிரித்தார்.

அக்கா ஆட்டிறைச்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "ஜோக் இல்ல. அந்தம்மா ஒண்ணத்தான் அழிக்க வச்சாங்க. மிச்சத்த இவரு கதவச் சாத்திக்கிட்டுப் பாக்குறாரு."

மேஜைமேல் கிடந்த கைப்பேசியை அவர் பாய்ந்து எடுத்துப் பைக்குள் திணித்தார். அதற்குமேல் யாருக்கும் எந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை.

அக்கா கை கழுவிவிட்டுக் கார் சாவியை எடுத்து என்னைக் கூப்பிட்டாள். நெடுஞ்சாலையில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக் கூடவே பாடினாள். அவர் கொமுட்டர் ரயில் பிடித்து வந்திருப்பார். நாங்கள் கேட்கவில்லை.