காலியிட மேடம்

அலுவலகத்தில் அவருக்குக் காலியிட மேடம் என்று பெயர். யார் வைத்தார்களோ தெரியாது, வாசல் காவலாளி முதல் மேல்மாடி அதிகாரி வரை எல்லோர் வாயிலும் அதுதான். கிராமத்துச் சுகாதார நிலையங்களில் நர்ஸ் இல்லாத இடங்களுக்கு ஆள் பிடித்து அனுப்புவது அவர் வேலை. அதற்கு முன் பதினாறு வருடம் நர்சிங் பள்ளியில் பாடம் நடத்தியவர். அவரிடம் படித்தவர்கள் நகரத்து ஆஸ்பத்திரிகளில் எல்லாம் இருந்தார்கள். கிராமத்துக்குப் போகிறாயா என்று கேட்டால் மட்டும் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் முதுகுவலி வந்துவிடும்.

"என் நம்பரைப் பாத்தாலே போனைக் கட் பண்ணிடுறாங்க," என்று கணவரிடம் அலுத்துக்கொள்வார்.

"எனக்கு இந்த யோசனை இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வராமப் போச்சே," என்பார் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஆற்றுக்கு அக்கரையில் இருந்த நிலையம்தான் அவருக்குத் தீராத தலைவலி. ஆறு வருடத்தில் பதினோரு நர்சுகள் அங்கே போய்த் திரும்பியிருந்தார்கள். அதிகமாக இருந்தவள் எட்டு மாதம். ஒருத்தி பெட்டியைத் திறக்காமலே அடுத்த படகில் வந்துவிட்டாள். எல்லோருடைய கடிதத்திலும் "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்றே இருந்தது. கடைசி ஆளும் போய் நாலு மாதம் ஆனபோது மேலதிகாரி கூப்பிட்டார்.

"வருஷா வருஷம் இதே கதை. பேசாம மூடிடலாம், மேடம்."

காலியிட மேடத்துக்குச் சுருக்கென்றது. "மூணு வாரம் குடுங்க, சார். நானே போய் உக்காந்து பாக்குறேன்."

படகை விட்டு இறங்கி மேடேறினால் இரண்டு அறைக் கட்டடம். பின்னால் நர்ஸ் தங்கும் வீடு. கதவைத் திறந்துவிட்டவர் அங்கே பதினாலு வருடமாக உதவியாளராக இருந்த பெண். இடுப்பில் எப்போதும் கொத்துச்சாவி தொங்கியதால் ஊரே அவரைச் சாவியக்கா என்றது. பெட்டியைக் கீழே வைப்பதற்குள் சாவியக்கா கேட்டார்:

"எப்போ கிளம்புவீங்க, மேடம்? பால்காரருக்குச் சொல்லணும், அதுக்குத்தான்."

கேள்வியில் குத்தல் ஏதுமில்லை. வந்தவர்கள் எல்லோரும் போனார்கள், அவ்வளவுதான். ஊரார் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் யாரும் நின்று இரண்டு வார்த்தை பேசவில்லை. குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. வாளியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுக் குளிக்க வேண்டும். போனில் சிக்னல் கிடைக்கத் தண்ணீர்த் தொட்டிப் படியேற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பொழுது நகர மறுத்தது. பத்தாவது நாள், காரணம் எதுவும் இல்லாமல் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். "பொறுப்பில்லாத பொண்ணுங்க" என்று பதினோரு பேரையும் இத்தனை நாள் திட்டியது அப்போது நினைவுக்கு வந்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் கர்ப்பிணிகளின் பதிவேட்டைப் புரட்டியபோது கை நின்றது. நாலு மாதமாக நர்ஸே இல்லை. ஆனால் ஒரு வாரம்கூட விடுபடாமல் பதிவேடு எழுதப்பட்டிருந்தது. சில பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி.

"இது யாரு எழுதுனது, அக்கா?"

சாவியக்கா முகம் மாறிவிட்டது. "என் மருமகதான். எனக்குக் கையெழுத்து கோழி கிளறின மாதிரி வரும். தப்பா, மேடம்?"

"வரச் சொல்லுங்க."

இருபத்தாறு வயதுப் பெண், இடுப்பில் மூன்று வயது மகளோடு வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் அறிவியலில் முதலாவதாக வந்தவள். கல்யாணம் ஆகி அக்கரைக்கு வந்ததோடு படிப்பு நின்றுபோயிருந்தது.

"இந்தச் சிவப்புப் புள்ளி என்ன?"

"கால் வீங்குனவங்க, மேடம். முன்னாடி இருந்த சிஸ்டர் வீங்கினா விடக்கூடாதுன்னு சொல்லிட்டிருப்பாங்க. ரெண்டு பேரைப் படகுல ஏத்தி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்."

காலியிட மேடம் பதிவேட்டை மூடினார். ஆறு வருடமாக எங்கெங்கோ போன் போட்டு ஆள் தேடியிருந்தார். "நர்சிங் படிக்கிறியா?"

மருமகள் மாமியாரைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்குற? என்னைக் கேட்டுட்டுத்தான் எல்லாம் செய்யிறியாக்கும்?" என்றார் சாவியக்கா. பேத்தியைத் தன் இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "பிள்ளைய நான் பாத்துக்குறேன். உன் புருஷனையும் சேத்துப் பாத்துக்குறேன். அவனைப் பாத்துக்குறதுதான் பெரும்பாடு," என்றார்.

நர்சிங் பள்ளியின் முதல்வர் காலியிட மேடத்தோடு ஒரே வகுப்பில் படித்தவர். விண்ணப்பத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"வயசு தாண்டிடுச்சு. கல்யாணம் ஆகியிருக்கு. விதியில இடமே இல்லடி. இப்படிச் சேத்தா நாளைக்கு ஹாஸ்டல்ல தொட்டில் கட்டச் சொல்லுவாங்க."

"கட்டேன். குழந்தை வளர்ப்புப் பாடம் அங்கேயே நடத்திடலாம்."

முதல்வருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பள்ளியின் சேர்க்கைக் குழு மூன்று முறை கூடிய பிறகுதான் வழி பிறந்தது. படித்து முடித்துச் சொந்த ஊரில் ஐந்து வருடம் வேலை செய்ய ஒப்புக்கொள்கிறவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு இடம், வயதிலும் கல்யாணத்திலும் விலக்கு என்று தீர்மானமாயிற்று.

படிப்பு மூன்று வருடம். அதுவரை நிலையம் பூட்டிக் கிடக்காமல் இருக்க வேண்டுமே. காலியிட மேடம் முதல் வேலையாகக் குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் போடவைத்தார். பிறகு கடைசி வருட மாணவிகளை ஓர் ஆசிரியையோடு இரண்டிரண்டு பேராக ஆறு வாரத்துக்கு அனுப்பினார். தனியாக யாரும் இல்லாததால் யாரும் ஓடவில்லை.

முதல் வருடம் உடற்கூறியலில் மருமகள் தோற்றாள். பாடப் புத்தகம் முழுக்க ஆங்கிலம். எலும்புகளின் பெயர் நாக்கில் நிற்கவில்லை. போதாக்குறைக்கு விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது மகள் அவளிடம் வர மறுத்துப் பாட்டியின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். விடுதிக்குத் திரும்பியவள் பெட்டியைக் கட்டிவிட்டு மாமியாருக்குச் செய்தி அனுப்பினாள். மறுநாளே சாவியக்கா வந்து இறங்கினார். கூடவே பேத்தியும்.

"வர்றதா இருந்தா வா, அஞ்சு மணிக்குப் படகு," என்றார். "உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க, அத்தை?"

"நான் இன்னும் பதினாலு வருஷம் கதவைத் திறந்து திறந்து மூடணுமா? எனக்கு அலுத்துப்போச்சு."

மகள் அன்று முழுக்க அம்மாவின் மடியில் உட்கார்ந்து எலும்புப் படங்களுக்கு வண்ணம் தீட்டினாள். ஐந்து மணிப் படகில் பாட்டியும் பேத்தியும் மட்டும் திரும்பினார்கள். இரண்டாவது முறை மருமகள் தேறிவிட்டாள்.

நர்ஸாகி ஊருக்கு வந்தபோதுதான் அடுத்த சிக்கல். யாரும் அவளிடம் வரவில்லை. "நேத்து வரைக்கும் நம்மகூடத் தண்ணி பிடிச்ச பொண்ணு, இவ என்னத்த ஊசி போட்டுடப் போறா?" என்று நிலையத்தைத் தாண்டிப் படகேறி நகரத்துக்குப் போனார்கள். ஒன்றரை மாதம் அவள் தினமும் மேசையைத் துடைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் படகோட்டிக்கே கட்டைவிரலில் சீழ் கட்டியது. துடுப்பைப் பிடிக்க முடியவில்லை. ஊரை எல்லாம் அக்கரை சேர்த்தவரை அக்கரை சேர்க்க ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் மேடேறி வந்தார். சீழை எடுத்துச் சுத்தம் செய்து ஒன்பது நாள் கட்டுப்போட்டாள். பத்தாவது நாள் துடுப்பைப் பிடித்தவர், படகில் ஏற வந்தவர்களிடம், "காய்ச்சலுக்கு எதுக்கு டவுனு? மேல நம்ம சிஸ்டர் இருக்கு, போ," என்று தன் பிழைப்பைத் தானே கெடுத்துக்கொண்டார்.

இதெல்லாம் நடந்து ஐந்தாறு வருடம் ஆகிறது. அதே வழியில் இன்னும் இரண்டு நிலையங்களுக்கு ஆள் கிடைத்தார்கள். ஒரு பெண் மட்டும் படித்து முடித்ததும் ஒப்பந்தத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நகரத்திலேயே தங்கிவிட்டாள். காலியிட மேடம் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, அவளுக்கு என்ன கஷ்டமோ என்று விட்டுவிட்டார். பட்டியலில் இன்னும் ஒன்பது இடம் காலிதான்.

போன மாதம் அக்கரைக்குப் போயிருந்தார். மேடேறியதில் தலை லேசாகச் சுற்ற, ரத்த அழுத்தம் பார்க்கலாமென்று நேரே உள்ளே நுழைந்தார். நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"ரொம்பச் சுத்துதா, மேடம்? படுக்கணுமா?"

"அதெல்லாம் இல்ல, லேசாத்தான்."

"அப்போ கொஞ்சம் வெளியில உக்காருங்க. முன்னாடி ஆறு பேர் இருக்காங்க."

பெஞ்சில் இருந்த பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்தவள் தன் மருமகனின் குடிப்பழக்கத்தைப் பற்றி ஆதியோடந்தம் சொல்ல ஆரம்பித்தாள். காலியிட மேடம் முறை வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.