கண்ணளவு வீட்டுச் சுவர்

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பெயிண்ட் கடையில் பாதிப் பேர் முழிப்பார்கள். முதலாளியில் தொடங்கி டின் தூக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவள் 'கண்ணளவு'தான்.

பத்தொன்பது வயதில் லேபிள் ஒட்டவும் தரை கூட்டவும் கடைக்கு வந்தவள். வந்த நாலாம் மாதம் ஒருவர் கைக்குட்டையில் காரைத் துண்டு ஒன்றைப் பொதிந்து கொண்டுவந்தார். குழாய் பதிக்க உடைத்த சுவரைப் பூசியாகிவிட்டது, பழைய நிறமே வேண்டும் என்றார். நிறம் கலக்கும் மெஷின் காரையைப் பார்த்துக் கணக்குப் போட்டு ஒரு டின்னை நிரப்பித் தந்தது. முதலாளி குச்சியில் தொட்டுப் பார்த்து, "அச்சு அசல்!" என்றார். மூலையில் கூட்டிக்கொண்டிருந்தவள் விளக்குமாற்றோடு நிமிர்ந்தாள்.

"காயட்டும் முதலாளி. காஞ்சா ரோஸ் தூக்கும். கறுப்பு அரைச் சொட்டு குறையுது."

முதலாளிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் காயும்வரை பார்த்தார். ரோஸ் தூக்கியது. அரைச் சொட்டுக் கறுப்பை அவளையே விடச் சொன்னார். அடுத்த வாரம் அந்த வீட்டுக்காரர் மெனக்கெட்டு வந்து, "எந்த இடத்துல உடைச்சோம்னு எங்களுக்கே தெரியலைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு மெஷின் முன்னால் அவளுக்கென்று ஒரு ஸ்டூல் போடப்பட்டது. இருபத்திரண்டு வருடமாக அந்த இடத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

மெஷினை அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. "நல்ல பையன்தான், கொஞ்சம் அவசரக்குடுக்கை" என்பாள்.

இப்படிப்பட்டவள் சொந்தமாக வீடு கட்டினால் ஊர் சும்மா இருக்குமா? கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் வாடகை வீடுகள். அங்கெல்லாம் வீட்டுச் சொந்தக்காரரிடம் மிச்சம் கிடந்த பெயிண்ட்தான் சுவரில் ஏறும். ஒரு வீட்டில் ஆஸ்பத்திரிப் பச்சை, இன்னொன்றில் சமையலறைக்கு மட்டும் பஞ்சுமிட்டாய் ரோஸ். ஊருக்கெல்லாம் நிறம் பார்த்துச் சொல்கிறவள், தன் வீட்டுச் சுவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தே சாப்பிட்டுப் பழகியிருந்தாள். இப்போது ஒரு ஹால், இரண்டு அறை, சமையலறை, நடுவில் நீளமாக ஒரு நடை. பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, வெள்ளை வெளேரென்று வீடு நின்றது.

"எங்க வேலையில நொட்டை சொல்லாத நாளே இல்ல. நீ என்ன கலர் அடிக்கிறேன்னு பார்க்கத்தானே போறோம்" என்று பெயிண்டர் மேஸ்திரி கடையில் உட்கார்ந்து சவால் விட்டார்.

அவள் மனதில் எப்போதோ முடிவாகிவிட்டது. மை நீலம். சாயங்காலம் விளக்கைப் போடுவதற்கு முன் வானத்தில் கொஞ்ச நேரம் நிற்குமே, அந்த நீலம். முதல் வாடகை வீட்டில் இருந்த காலத்திலிருந்தே அதற்கான அளவு அவளிடம் தயாராக இருந்தது. கல்லூரியில் படிக்கும் மகள்தான் குறுக்கே நின்றாள். அவள் போனில் பார்த்த வீடுகளிலெல்லாம் வெளிர் சாம்பல்.

"அம்மா, நீலம் அடிச்சா கிணத்துக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கும்மா."

"உன் சாம்பலை அடிச்சா சிமென்ட் காயலைன்னு நினைப்பாங்க, பரவாயில்லையா?"

சரி, அப்பா சொல்லட்டும் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணளவு இரண்டு பலகைகளுக்கு வண்ணம் அடித்து, புது வீட்டு ஹால் சுவரில் சாய்த்து வைத்தாள். ஒன்று நீலம், ஒன்று வெளிர் சாம்பல். நடுவில் இரண்டு முழம் இடைவெளி.

அவள் கணவர் இருபது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. போன வருடம், இடுப்பு வலி தாங்கவில்லை என்று திடீரென்று வேலையை விட்டார். அதற்குப் பிறகு வீடு கட்டும் இடத்தில்தான் அவருக்குப் பகலெல்லாம் வேலை. அவர் உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார்.

"நீலம் நல்லா இருக்கு. இன்னொரு பலகையை எப்ப வைக்கப் போற?"

மகள் சிரித்துவிட்டாள். "அப்பா, ஜோக் அடிக்காதீங்க."

கண்ணளவு சிரிக்கவில்லை. அவருடைய பார்வை வெள்ளைச் சுவரில் எங்கேயும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனதைப் பார்த்தாள். சாம்பல் பலகை அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மகளை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னங்க, எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"என்கிட்டயே மறைக்கிறீங்களா?"

அவர் சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்தார். அதற்குமேல் மறைக்க அவருக்கும் தெம்பில்லை.

"ஒன்றரை வருஷமா மங்கல். ஒரு நாள் ஸ்கூல் விட்ட நேரம். சாம்பல் யூனிஃபார்ம் போட்ட குழந்தை ஒண்ணு ரோட்டு ஓரமா நிக்குது. ரோடும் சாம்பல். பக்கத்துல போற வரைக்கும் எனக்குக் குழந்தை தெரியல. வண்டி நின்னுடுச்சு, ஒண்ணும் ஆகல. மறுநாள் காலையில போய்ச் சாவியைக் கொடுத்துட்டேன்."

"டாக்டர்?"

"பார்த்தேன். போனது போனதுதானாம். இருக்கிறதைக் காப்பாத்தச் சொட்டு மருந்து. விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். எதிரெதிர் நிறமா இருந்தாத் தெரியுது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டின சாயல்னா எல்லாம் கலந்துடுது."

"ஏன் சொல்லல?"

"உன் பேரே கண்ணளவு. அவ புருஷனுக்குக் கண்ணு தெரியலையாம்னு கடையில நாலு பேர் உச்சுக்கொட்ட வேணாம்னு பார்த்தேன்."

அரைச் சொட்டுக் கறுப்பைப் பத்தடி தள்ளி நின்று பிடிக்கிறவள், ஒரே தட்டில் சாப்பிடாத குறையாகக் கூட இருந்த மனுஷனைக் கோட்டை விட்டிருக்கிறாள். அந்த வெட்கம் ஒரு பக்கம் இருக்க, இன்னொன்றும் உள்ளே எழுந்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை, யாரும் கேட்கவில்லை, தானாகப் போய்ச் சாவியைக் கொடுத்திருக்கிறார். எத்தனை பேருக்கு வரும் இந்த மனசு?

"இடுப்பு வலிக்குன்னு நான் தேய்ச்சு விட்ட தைலமெல்லாம் தண்டமா?" என்றாள்.

"சேச்சே, சுகமாத்தான் இருந்துச்சு" என்றார் அவர்.

மறுநாள் கடைக்குப் போய் வண்ண அட்டையைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். வீட்டில் இரண்டு நிறம் வேண்டும். ஒன்று சுவருக்கு, மற்றது கதவு, நிலை, படி விளிம்பு, சுவிட்சைச் சுற்றி ஒரு கோடு. இரண்டும் ஒன்றுக்கொன்று பரம எதிரியாக இருக்க வேண்டும். நீலத்துக்கு எதிரி மஞ்சள். மஞ்சள் அவளுக்குப் பிடிக்காது. கடைக்கு மஞ்சள் கேட்டு வருகிறவர்களை, "வீட்டுல இன்னொரு தடவை கலந்து பேசிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புகிறவள் அவள்.

ஹாலில் இடது சுவருக்கு மஞ்சள், வலது சுவருக்கு நீலம் அடித்துப் பார்த்தார்கள். நடையிலும் அப்படியே. ஒரு வாரம், காலை, மதியம், விளக்கு வைக்கும் நேரம் என்று மூன்று வேளையும் அவரை நடக்கவிட்டாள். நீலத்தின் பக்கம் நின்றால் அவளுக்கு மூச்சு நிதானப்பட்டது. இத்தனை வருடம் காத்திருந்தது இதற்குத்தான் என்று தோன்றியது.

வாரக் கடைசியில் அவர் தீர்ப்புச் சொன்னார். "சுவருக்கு நீலமே இருக்கட்டும். கதவுக்கு மஞ்சள் போட்டுடு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான், வசதியாத்தான் இருக்கு."

"சரி, நடையில ஒரு தடவை போய்ட்டு வாங்க."

அவர் போனார். நீலச் சுவர் வெளிச்சத்தையெல்லாம் குடித்துவிட்டிருந்தது. நான்காவது அடியில் அவர் வலது கை தானாக உயர்ந்து சுவரைத் தொட்டது. தொட்டதை அவரே கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

"பொய் சொல்றீங்க."

"நீ ஆசைப்பட்டதும்மா. நான் தடவிக்கிட்டுப் போய்க்கிறேன், அதுல என்ன?"

"நான் கட்டின வீட்டுல நீங்க தடவிக்கிட்டு நடக்கிறதுக்கா இருபத்திரண்டு வருஷம் கலர் கலந்தேன்? மஞ்சள்தான். கதவுக்கு நீலம். இனிமே பேச்சில்ல."

பேச்சு முடிந்தது, வேலை முடியவில்லை. அட்டையில் இருந்த மஞ்சள் பகலில் நன்றாக இருந்தது. சாயங்காலம் பல்ப் போட்டதும் வெளுத்துப்போய் வெள்ளைக்கு அண்ணன் தம்பியாகிவிட்டது. அதில் காவி சேர்த்தாள், துளிச் சிவப்பு சேர்த்தாள், பலகை பலகையாக அடித்து நீலக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"சுவர் எங்க முடியுது, கதவு எங்க ஆரம்பிக்குது, சொல்லுங்க."

இங்கேதான் அவளுக்கு ஒரு புது அனுபவம். அவள் நிறத்துக்கு இதுவரை அவள் கண்தான் நீதிபதி. அவள் 'ஆச்சு' என்றால் ஆச்சு. அவளுக்குக் கொள்ளை அழகாகத் தெரிந்த மூன்றாவது பலகையை அவர் யோசிக்காமல் தள்ளினார். அவள் கண்ணை உறுத்திய ஆறாவது பலகையின் முன்னால் நின்று, விரலால் விளிம்பைப் பிசகாமல் கோடு இழுத்துக் காட்டினார். "இது. இதுல அப்படியே வெட்டினாப்ல தெரியுது."

"நிஜமா? எனக்குக் கண்ணு கூசுதே."

"உனக்குக் கூசினாத்தான் எனக்குத் தெரியும்போல."

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். எது எத்தனை துளி என்று ஒரு தாளில் எழுதி மெஷினுக்கு மேல் ஒட்டினாள். அட்டையில் அதற்கு எண் இல்லை.

மேஸ்திரி டின்னைத் திறந்து பார்த்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யக்கா, டின் மாறி வந்துடுச்சா?"

"மாறல. ரெண்டு கோட். நிலை ஓரத்துல கோடு ஒரு நூல் வளைஞ்சாலும் கூலி கிடையாது."

மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு ஒரு மாலை, அப்பா சமையலறையிலிருந்து நடை வழியாகத் தண்ணீர்ச் செம்போடு கையை எங்கும் ஊன்றாமல் வந்ததைப் பார்த்தாள். இத்தனை நாள் அவர் சுவரைத் தடவித் தடவி நடந்தது ஏன் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவளே பிரஷை வாங்கிப் படி விளிம்புகளுக்கு நீலம் தீட்ட உட்கார்ந்துவிட்டாள்.

குடிபோன மறுவாரம் உறவும் தெருவும் வீடு பார்க்க வந்தன. முன்வரிசையில் கணவரின் அக்கா. அவர் வீட்டில் தரை முதல் கூரை வரை க்ரீம் நிறம். மற்ற நிறமெல்லாம் அவருக்கு ஒழுக்கக்கேடு. வாசலில் கால் வைத்ததுமே மூக்கில் விரலை வைத்தார்.

"என்னம்மா இது, வீடா, ஸ்கூல் பஸ்ஸா?"

வந்தவர்களில் நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் விடவில்லை. "ஊருக்கெல்லாம் கலர் சொல்றவளாம். சொந்த வீட்டுக்கு ஒரு நல்ல கலர் கிடைக்கலையா?"

"உள்ள வாங்க அண்ணி, டீ ஆறுது" என்றாள் அவள். சண்டை போட அவளுக்கு வராமல் இல்லை. காரணத்தைச் சொன்னால் கணவர் மறைத்து வைத்ததைச் சபையில் போட்டு உடைத்ததாகிவிடும்.

நடையின் அந்தக் கோடியிலிருந்து கணவர் வந்தார். இரண்டு கையிலும் டீத் தட்டு. எட்டு டம்ளர்கள், நிறைய நிறைய. நீல நிலையைத் தாண்டி, நீல விளிம்புப் படியில் இறங்கி, நேராக அக்காவின் முன்னால் வந்து நின்றார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"எடுத்துக்கக்கா. ஒரு விஷயம் சொல்லணும். எனக்குக் கண்ணு மங்கிடுச்சு. ஒன்றரை வருஷமாச்சு. உன் வீட்டுக்கு வந்தா எனக்குச் சுவரும் தெரியாது, கதவும் தெரியாது. போன மாசம் வந்தப்ப உன் கதவுல இடிச்சுக்கிட்டு, தலை சுத்துதுன்னு புளுகினேன். இங்க நான் கண்ணு தெரிஞ்ச மனுஷனா நடக்கிறேன். இந்த மஞ்சள் எந்தக் கடை அட்டையிலயும் கிடையாது. என் பொண்டாட்டி எனக்காகப் போட்டது."

அக்காவின் கை டம்ளரைத் தேடி எடுத்தது. சுவரை இன்னொரு தரம் பார்த்தார். "மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்னடா?" என்று தம்பியை அதட்டினார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "என் வீட்டுக் கதவுக்கும் ஏதாவது பார்த்துச் சொல்லும்மா. அவன் வந்தா இடிச்சுக்கக் கூடாது" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். வேலையில் எத்தனையோ பாராட்டு வாங்கியிருக்கிறாள். முதலாளி ஒரு வருடம் கேடயம்கூடக் கொடுத்தார். ஆனால் அந்த ஹாலில், கண் கூசும் அந்த மஞ்சளின் நடுவில், அவர் தட்டை ஏந்தி நின்ற நேரத்தில் நிமிர்ந்த மாதிரி அவள் தலை என்றைக்கும் நிமிர்ந்ததில்லை. மேஸ்திரி பின்னாலிருந்து, "கோடு ஒரு நூல் வளையல, பார்த்துக்கங்க" என்று யாரிடமோ தன் பெருமையையும் சேர்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் கடைக்கு வந்தது. கேள்விப்பட்டவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். மெஷினுக்கு மேல் ஒட்டிய தாளை முதலாளி பார்த்துவிட்டு, இதற்கு ஒரு பேர் வைத்து அட்டை அடிக்கலாமா என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஒருநாள் ஒரு பெண் வந்தாள். அண்ணனுக்குப் பார்வை குறைந்து வருகிறது, கண்ணளவு அக்கா வீட்டு மஞ்சள் இரண்டு டின் வேண்டும் என்றாள்.

"அது எங்க வீட்டுக்காரர் கண்ணுக்குப் போட்டதும்மா. உங்க அண்ணனுக்கு எது தெரியுதோ யார் கண்டா? பச்சையா இருக்கலாம், கறுப்பா இருக்கலாம்." பக்கத்திலிருந்த இன்னொரு ஸ்டூலைத் துடைத்து மெஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். "அவரைக் கூட்டிட்டு வாங்க. அவர் சொல்லட்டும், நான் கலக்கிறேன்."