கண்ணாடிக்கு முன்னால் இருபத்திரண்டு பேர்

எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட என் மூன்றாவது பேத்தியைக் கோவையில் ஒரு மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மகளும் மருமகனும் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஆறு வயதும் நான்கு வயதுமான அக்காக்கள் இருவரும் என் பொறுப்பு. பெற்றோரைத் தவிர, நாளுக்கு இரண்டு பேர்தான் குழந்தையைப் பார்க்கலாம். பதினோரு நாளில் இருபத்திரண்டு பேர் பார்த்தாகிவிட்டது. அதில் இந்தக் குழந்தைகள் இல்லை.

வந்தவர்கள் அத்தனை பேரும் உறவுக்காரர்கள். போய்ப் பார்க்கவில்லை என்றால் பத்து வருஷம் கழித்தும் சொல்லிக் காட்டுவார்கள் என்கிற பயம்தான் அவர்களைக் கூட்டிவந்தது, பாசம் இல்லை. கண்ணாடிக்கு முன்னால் மூன்று நிமிடத்துக்கு மேல் ஒருவரும் நிற்கவில்லை. பிறகு நேராக என் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு, பிள்ளைகளைப் பார்த்து முந்தானையால் மூக்கைத் துடைப்பார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் பெரியவள் கேட்டாள். "தாத்தா, பாப்பா செத்துப்போச்சுங்களா?"

"இல்ல கண்ணு."

"அப்பறம் ஏனுங்க எல்லாரும் அழுவறாங்க? பக்கத்து ஊட்டுத் தாத்தா செத்தப்பவும் இப்படித்தான் வந்து காபி குடிச்சாங்க."

நான் சொன்னதை அவள் நம்பவில்லை.

மகளுக்குப் போன் செய்து செவிலியரிடம் கேட்கச் சொன்னேன். சளி, காய்ச்சல் இல்லையென்றால், அன்றைய இரண்டு பேருக்குப் பதிலாகப் பிள்ளைகள் இருவரும் ஒரு பெரியவரோடு பத்து நிமிடம் வரலாமாம். குழந்தையின் படத்தை அனுப்பச் சொல்லி இருவருக்கும் காட்டினேன். நெஞ்சில் மூன்று வயர், மூக்கில் ஒரு குழாய்.

"வலிக்குமுங்களா?" என்றாள் சின்னவள்.

"வயரு சும்மா ஒட்டியிருக்குது. குழாயில பால் போகுது."

இதைச் சொல்ல இருபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அந்த இருபத்திரண்டில் நானும் ஒருவன்.

வார்டு வாசலில் மருமகனின் அக்கா நின்றிருந்தாள். காங்கேயத்திலிருந்து கணவரோடு வந்திருந்தாள்.

"ஏனுங் மாமா, ரண்டு பஸ்ஸு மாறி வந்திருக்கறமுங்க. பொடுசுக நாளைக்குப் பாத்துக்கட்டும்."

"நீ முந்தாநேத்தே பாத்துட்டயே அம்மணி."

"அன்னைக்கு இவரு வரலீங்களே. சோடியா வந்து பாத்தாத்தானுங்க மொறை."

"மொறையெல்லாம் பாக்கற வயசு அந்தக் குழந்தைக்கு இன்னும் ஆகல."

"சின்னப் புள்ளைக பயந்துக்குமுங்க."

"உங்களையெல்லாம் பாத்தே பயந்து கெடக்குதுக" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளுக்குக் கை கழுவிவிட்டேன்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான்கு நிமிடம் ஓர் அசைவும் இல்லை. பெரியவள் என் விரலை இறுக்கிக்கொண்டே போனாள். ஐந்தாம் நிமிடம் செவிலியர் துணி மாற்றக் கையை உள்ளே விட்டார். குழந்தை முகம் சிவந்து வாயைத் திறந்து, காலை உதைத்தது.

"பாப்பாவுக்குக் கோவம்" என்றாள் சின்னவள். பெரியவள் என் விரலை விட்டாள்.

வெளியே வந்ததும் அவள் நேராக அத்தையிடம் போனாள். "அத்தை, பாப்பா உசுரோடதான் இருக்குதுங்க."

"எனக்குத் தெரியாதா கண்ணு?"

"தெரிஞ்சா ஏனுங்க எங்ககிட்டச் சொல்லல?"

அத்தை பதிலுக்கு என்னைப் பார்த்தாள். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.