ஏறிப் போன சான்றிதழ்

கொரோனா ஊசி போட ஆட்களைக் கூப்பிடுவதுதான் அந்த வருடம் முழுக்க என் வேலையாக இருந்தது. ஆரணியிலிருந்து தேவிகாபுரம் போகும் வழியில் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் பணியாளராக இருந்தேன். பிள்ளைகள் வரவில்லை, மையம் பூட்டிக் கிடந்தது. அதனால் எங்களை வீடு வீடாக அனுப்பினார்கள். கழனியில் இறங்கி ஓடினவர்களும் உண்டு, வீட்டுக்குள் இருந்துகொண்டே பிள்ளையை விட்டு இல்லை என்று சொல்ல வைத்தவர்களும் உண்டு. எல்லோரையும் பேசிப் பேசி முகாமுக்குக் கூட்டி வந்தேன். என் வீட்டுக்காரரை மட்டும் என்னால் கூட்டி வர முடியவில்லை.

அவர் ஆரணியில் ஓர் அரிசி மில்லில் எடை போடும் இடத்தில் இருந்தார். சர்க்கரை வியாதிக்காரர். முதல் ஊசியை நான் சொன்னேன் என்று போட்டுக்கொண்டார். மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. அதே வாரத்தில் அவரோடு வேலை செய்த ஒருவர் மாரடைப்பில் போய்விட்டார். அவரும் அப்போதுதான் முதல் ஊசி போட்டிருந்தார். ஊசிக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன்.

"நீ ஊருக்குச் சொல்லு. எனக்கு வாணாம், வுட்டுடு," என்றார்.

இரண்டாவது ஊசிக்கான நாள் தாண்டி ஒரு மாதம் போனது. ஒருநாள் மத்தியானம் அவருடைய போனுக்கு மெசேஜ் வந்தது. இரண்டாவது தவணை வெற்றிகரமாகப் போடப்பட்டதாம். எந்த முகாமில் யார் கணக்குக் காட்டப் பதிந்தார்களோ தெரியாது. அவர் அதை என்னிடம் காட்டிச் சிரித்தார். "பாத்தியா, நான் வூட்ல குந்திகினு இருக்கேன், ஊசி எனக்கு ஏறிடுச்சு."

எனக்கு நடந்தது நேர்மாறானது. இரண்டாவது ஊசியை நான் வேலை பார்த்த முகாமிலேயே போட்டுக்கொண்டேன். அன்று நெட் வேலை செய்யாததால் நோட்டில் எழுதி வைத்தார்கள். பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றும்போது யாருடைய நம்பரில் ஏற்றினார்களோ, என் சான்றிதழில் ஒரு தவணை மட்டும்தான் இருந்தது. அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உடம்பில் ஊசி இருக்கிறது, காகிதம் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன்.

எங்களுக்கு ஒரே மகன். கேட்டரிங் படித்துவிட்டு சொகுசுக் கப்பலில் சமையல் வேலைக்குப் போனவன். நோய் வந்த பிறகு கடலிலேயே மாட்டிக்கொண்டான், அப்புறம் ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாற்றினார்கள். கிட்டத்தட்ட மூன்று வருடம் அவனை நாங்கள் போனில்தான் பார்த்தோம். ஒருநாள் கூப்பிட்டான்.

"அம்மா, எங்க கப்பல் மெட்ராஸ் வருது. ரெண்டு நாள் கடல்ல சுத்திட்டுத் திரும்பிடும். வேலை செய்றவங்க யாரும் எறங்கக் கூடாதுன்னுட்டாங்க. ஆனா வூட்டாளுங்களுக்கு டிக்கெட் தர்றாங்க. நீங்க ரெண்டு பேரும் வந்துடுங்க. நான் எறங்க முடியலன்னா இன்னா, நீங்க ஏறலாம் இல்ல."

இரண்டு ஊசி போட்ட சான்றிதழ் வேண்டும், ஏறுவதற்கு இரண்டு நாளுக்குள் எடுத்த பரிசோதனையில் நோய் இல்லை என்று வர வேண்டும் என்றான். பிறகு கேட்டான்: "ரெண்டு பேரும் ரெண்டும் போட்டுட்டீங்கல்லம்மா?"

"போட்டாச்சுடா," என்றேன். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

போனை வைத்ததும் அவரிடம் சொன்னேன், இப்போதாவது போய்ப் போட்டுக்கொள்ளுங்கள் என்று. மறுநாள் போகிறேன் என்றார். நானே கூட்டிப் போனேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் நம்பரைத் தட்டிப் பார்த்த நர்ஸ், "இவருக்கு ரெண்டும் முடிஞ்சிடுச்சுங்களே, நாங்க எப்டி போடறது," என்றார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பதிவை அழிப்பார்கள், சான்றிதழும் போய்விடும், மறுபடி எப்போது ஏறுமோ என்று பயந்தேன். கப்பல் வர மூன்று வாரம்தான் இருந்தது. "ஆமாங்க, நான்தான் மறந்துட்டேன்," என்று சொல்லிவிட்டு அவரை அழைத்துக்கொண்டு திரும்பினேன்.

என் சான்றிதழைச் சரிசெய்ய அலைந்தேன். ஆரணியில் ஒரு நெட் சென்டரில் மூன்று முறை புகார் ஏற்றினோம். முகாம் நோட்டில் என் பெயர் இருந்தது, தேதி இருந்தது, கையெழுத்தும் இருந்தது. மேலே எழுதிப் போட்டிருக்கிறோம் என்றார்கள். கடைசியில் ஒரு தாளில் இவருக்கு இரண்டு ஊசியும் போடப்பட்டது உண்மை என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். வேலூரில் ஒரு லேபில் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை எடுத்தோம். இருவருக்கும் இல்லை என்று வந்தது. அவர் புதுச் சட்டை ஒன்று எடுத்துக்கொண்டார். தீபாவளிக்குக்கூட எடுக்காதவர்.

துறைமுகத்தில் நீண்ட வரிசை. எங்கள் முறை வந்ததும் கண்ணாடி முகமூடி போட்ட ஒரு பெண் அவருடைய சான்றிதழைக் கருவியில் காட்டினாள். பச்சையாக வந்தது. என்னுடையதைக் காட்டினாள். இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"ஒரு டோஸ்தான் காட்டுது மேடம்."

முத்திரை குத்திய தாளை நீட்டினேன். நானே ஊசி வேலையில்தான் இருக்கிறேன், ஊரையே கூட்டிப் போய்ப் போட வைத்தவள் நான் என்று சொன்னேன். அவள் பொறுமையாகத்தான் கேட்டாள்.

"கையில எழுதினது செல்லாதுங்க மேடம். ஸ்கேன் ஆகணும். நான் இன்னா பண்ணட்டும்."

அவர் பையைத் தூக்கித் தோளில் மாட்டினார். "வா, போலாம். நீ இல்லாம நான் மட்டும் போயி இன்னா பண்றது." பிறகு குரலைத் தாழ்த்தாமலேயே அந்தப் பெண்ணைப் பார்த்து, "ரெண்டு போட்டது இவதான்மா, எனக்குத்தான்..." என்று ஆரம்பித்தார்.

நான் அவர் கையை அழுத்தினேன். "சும்மா இருங்க. புள்ள காத்துகினு இருப்பான். யாராவது ஒருத்தராவது போய் அவன் மூஞ்சியப் பாக்கணும். போங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் இருந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள். "போங்கங்க," என்று முதுகில் கை வைத்துத் தள்ளினேன். உண்மையாகவே தள்ளினேன்.

திருவொற்றியூரில் என் அக்கா வீட்டில் தங்கினேன். மறுநாள் காலையில் அவரும் மகனும் சேர்ந்து வீடியோவில் வந்தார்கள். வேலைக்கு நடுவில் அரைமணி நேரம் அனுமதி கொடுத்திருந்தார்களாம். மகன் மெலிந்திருந்தான். அவர் பின்னால் கடல். "இங்க சாப்பாடு இவன்தான் செஞ்சானாம், நம்ப முடியல," என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. அன்று சாயங்காலமே காய்ச்சல். கப்பல் டாக்டர் பரிசோதித்ததில் நோய் இருந்தது. வேலூரிலிருந்து வரும் வழியிலா, வரிசையிலா, கப்பலிலா, எங்கே தொற்றியது என்று யாருக்கும் தெரியாது. அவரை ஓர் அறையில் அடைத்தார்கள். அப்பாவோடு இருந்ததால் மகனையும் இன்னோர் அறையில் அடைத்தார்கள். ஒரே கப்பலில் இருந்துகொண்டு இருவரும் போனில்தான் பேசினார்கள்.

கரைக்கு வந்ததும் ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நான் ஓடினேன். வாசலில் ஒரு டாக்டர் கேட்டார்: "சுகர் இருக்கா? ஊசி ரெண்டும் போட்டாரா?"

அவர் பையோடு அவருடைய சான்றிதழும் என் கைக்கு வந்திருந்தது. "போட்டாரு சார்," என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் போய்விட்டார். நாங்கள் ஊருக்குக் கொண்டு வரவில்லை, அங்கேயே மின் மயானத்தில் முடித்தார்கள். முகத்தைத் தூரத்தில் நின்று பார்த்தேன். மகனை இறங்க விட்டது அதற்கு நான்கு நாள் கழித்து. வந்தவன் வாசலில் நின்று, "நான் கூப்பிட்டதாலதான்மா," என்றான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். என் சான்றிதழ் சரியாகிவிட்டதென்று மெசேஜ் வந்தது. நன்றியும் சொல்லியிருந்தார்கள். அதை அழித்துவிட்டேன்.

சில வருடம் கழித்து வேறொரு டாக்டரிடம் யாருக்கோ நடந்தது போலக் கேட்டேன். ஒரு ஊசியா இரண்டா என்பதால் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பெரிதாக மாறியிருக்காது, ஆனால் இரண்டும் போட்டிருந்தால் அவ்வளவு தூரம் போகாமல் இருந்திருக்கலாம் என்றார். இருந்திருக்கலாம் என்றுதான் சொன்னார்.

மகன் திரும்பக் கப்பலுக்குப் போகவில்லை. ஆரணியில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறான். கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறான். ஒருமுறை வந்தவாசிக்கு ஒரு விசேஷத்துக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். சன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டான்: "ரெண்டு ஊசி போட்டும் அப்பாவுக்கு ஏம்மா அப்படி ஆச்சு? என் கப்பல்ல காத்து சரியில்லியோ?"

இதுதான் சொல்ல வேண்டிய நேரம் என்று தெரிந்தது. சொன்னால் அவன் மேலிருக்கும் பாரம் இறங்கிவிடும். அது இறங்கினால் எங்கே வந்து உட்காரும் என்பதும் தெரிந்தது. அன்றிலிருந்து இவன் என்னை எப்படிப் பார்ப்பான் என்று நினைத்தேன்.

"எல்லாம் அவரு விதிடா," என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். இன்றுவரை அந்தக் கேள்வியை அவன் திரும்பக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.