அண்ணிக்கான காற்று

காலை ஏழரை மணிக்கு பேக்கரிக்காரர் போன் செய்தார். அவள் வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கணவர்தான் எடுத்தார். "ஆங்... ஆங்..." என்றார். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "தம்பி போயிட்டான்" என்றார். கடைகளுக்கெல்லாம் ரொட்டி போட்டுவிட்டு பேக்கரிக்குத் திரும்பி, "கொஞ்சம் உக்காந்துக்கிறேன்" என்று மாவு மூட்டைமேல் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

வாழ்நாளெல்லாம் அவசரம். போனதும் அப்படியே.

அவளுடைய கொழுந்தனாரை அந்தப் பகுதியில் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. 'எக்ஸ்பிரஸ்' என்றால்தான் தெரியும். ரொட்டி சூடு ஆறுவதற்குள் கடை வாசலில் இறங்கவேண்டும் என்பது அவருக்குப் பிடிவாதம். சைக்கிள் டயர் இரண்டும் கல் மாதிரி இருக்கவேண்டும். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். விரல் கொஞ்சம் உள்ளே போனாலும் முகம் தொங்கிவிடும். உடனே பம்பை எடுத்துவிடுவார். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் அண்ணன் வீட்டு மாடி அறையிலேயே இருந்தார். "உங்களுக்குப் பொண்ணு தேடினா, பம்பு அடிக்கத் தெரியுமான்னுதான் முதல்ல கேக்கணும்" என்று அவள் கேலி செய்வாள். "அடிக்கத் தெரிஞ்சவங்க வேணாம் அண்ணி, பயமா இருக்கு" என்பார்.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சட்டத்தின் அளவுக்கு லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துப் பொருத்துவது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டவர்கள் வாசலுக்குப் போய் எதிர் மரத்தைப் பார்ப்பார்கள். "அட, இலை இலையா தெரியுதே" என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடே வேண்டாம். சில வருஷங்களுக்கு முன்பு அந்தக் கடையின் படியில்தான் வழுக்கி விழுந்தாள். முதுகில் ஆபரேஷன். படுக்கையில் கிடந்த நாளெல்லாம் தன் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பதாகவே கனவு. எழுந்து நடந்ததும் டாக்டர், "வேலைக்குப் போகலாம், ஆனா நெரிசல்ல நிக்கக் கூடாது" என்றுவிட்டார். பஸ்ஸில் நெரிசல் இல்லாத நேரம் ஏது? கடை முதலாளியும் பொறுத்துப் பார்த்துவிட்டு, இனி வராவிட்டால் வேறு ஆள்தான் என்று சொல்லி அனுப்பினார்.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் கொழுந்தனார். ரொட்டித் தட்டு கட்டுகிற கேரியரில் மெத்தையை மடித்துக் கட்டி, அவளை உட்காரவைத்துக் கிளம்பினார்.

அந்த வாரம் அவளுக்கு நரகம். கடைக்குப் போகிற வழியில் பாதி தூரம் நல்ல சாலை. மீதியை, வீட்டுத் தெருமுனையிலிருந்தே, குழாய் பதிக்கத் தோண்டி, ஜல்லியைக் கொட்டி மூடியிருந்தார்கள். அந்த இடம் வந்ததும் ஒவ்வொரு கல்லும் டயர் வழியாக ஏறி அவள் தையல் போட்ட இடத்தில் வந்து குத்தும். உதட்டைக் கடித்துக்கொண்டு வருவாள். நமக்காக மிதிக்கிறவரிடம் என்னத்தைச் சொல்வது? வார முடிவில் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு சொன்னாள்:

"தம்பி, திங்கட்கிழமை வரவேணாம். முதலாளிகிட்ட வேலையை விட்டுட்டேன்னு சொல்லிடப் போறேன்."

"ஏன் அண்ணி, நான் மெதுவாப் போறேனா?"

அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "முதுகு தாங்கல தம்பி."

கொழுந்தனார் திகைத்துப் போனார். "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இத்தனை நாளா பன்னைத்தான் ஏத்திட்டுப் போனேன். பன்னு எங்க வாயைத் திறந்து சொல்லுது?"

மறுநாள் காலை அண்ணனைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். அவள் கணவருக்கு நூலகத்தில் வேலை. கனத்த உடம்பு, கிசுகிசுப்பான குரல். சைக்கிளைத் தொட்டுப் பல காலம் ஆகிவிட்டது.

"அண்ணே, நீ மிதி. நான் பின்னாடி அண்ணி மாதிரி உக்காந்து பாக்கறேன்."

"டேய், தெருவே பாக்குதுடா."

"பாக்கட்டும். டிக்கெட்டா போட்டிருக்கு?"

ஒருபக்கமாகக் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அண்ணன் இடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்தார். எதிர் வீட்டுத் தையல்காரர், "எக்ஸ்பிரஸ், மாமியார் வீட்டுக்கா?" என்று கத்தினார். ஜல்லியில் ஏறியதும், "ஐயோ அண்ணே, நிறுத்து, நிறுத்து!" என்று குதித்து இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பிறகு இரண்டு சக்கரத்திலும் காற்றை இறக்க ஆரம்பித்தார். இறக்குவார், அண்ணனை மிதிக்கவிட்டுப் பின்னால் உட்காருவார், மறுபடி இறக்குவார். ரொம்ப இறக்கியதில் ரிம் கல்லில் இடித்து டியூப் கிழிந்தது. ஒட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தார். மதியத்துக்குள் பிடிபட்டுவிட்டது. பாரம் விழுகிற பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, முன் சக்கரத்துக்குக் குறைவாக. ஆள் உட்கார்ந்ததும் டயர் தரையில் லேசாக வயிறு பிதுங்கி நிற்கவேண்டும். ரிம் இடிக்கக் கூடாது. கல்லைத் தாண்டிக் குதிக்காமல் டயர் கல்லையே உள்வாங்கிக்கொள்ளும்.

திங்கட்கிழமை அதே ஜல்லியில் போனார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தயாராக இருந்தாள். குத்தல் வரவில்லை. லேசான குலுக்கல், அவ்வளவுதான். கடை வாசலில் இறங்கியபோது ஷட்டரே திறக்கவில்லை.

"என்ன அண்ணி இது? காத்தைக் குறைச்சா மாடு மாதிரி இழுக்கும்னு நினைச்சேன். சீக்கிரம் வந்துட்டோமே!"

அவருக்கு அது நம்பமுடியாத விஷயம். நல்ல சாலையில் கொஞ்சம் கூடுதலாகத்தான் மிதிக்கவேண்டியிருந்தது. ஜல்லியிலோ, முன்பு போல சக்கரம் துள்ளவில்லை, ஹேண்டில்பார் உதறவில்லை, பிரேக்கையே தொடாமல் ஒரே சீராக வந்திருந்தார். இத்தனை வருஷம் துள்ளலைத்தான் வேகம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "என்னை இந்தக் கல்லு நல்லா ஏமாத்திடுச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆனாலும் ரொட்டிக்குப் போகிற சாலைகள் வழுவழு தார்ச்சாலைகள். அங்கே கல் டயர்தான் சரி என்பதில் அவருக்கு மாற்றமில்லை. அதனால் தினமும் ரொட்டி போட்டு முடித்து வீட்டு வாசலுக்கு வந்து காற்றை இறக்குவார். சமையலறையில் இருக்கும் அவளுக்கு அந்த 'புஸ்' கேட்கும். அதுதான் அழைப்பு, மணி அடித்ததே இல்லை. ராத்திரி தூங்கப் போகும் முன் மறுபடி பம்பு அடித்து ஏற்றுவார். கணவர் ஒருநாள், "ஏன்டா, ஒரே அளவா வெச்சுக்கக் கூடாதா?" என்று கேட்டதற்கு, "ரொட்டிக்கு ரொட்டிக் காத்து, அண்ணிக்கு அண்ணிக் காத்து" என்றார்.

முதுகு பயம் போன பிறகு அவளுக்கு அந்தப் பயணமே பிடித்துப்போனது. கால்வாய்க் கரை நிழலில் அவர் சீட்டியடித்துக்கொண்டு மிதிப்பார். அவள் எதிரே வருகிறவர்களின் மூக்குக்கண்ணாடிகளுக்கு மார்க் போடுவாள். நன்றி என்று அவள் வாயைத் திறந்தாலே, "சும்மா வாங்க அண்ணி, காத்துதானே" என்று அடக்கிவிடுவார். காற்றுதான். அந்தக் காற்றில்தான் அவள் நாற்காலி அவளுக்கு நிலைத்தது. அதிலிருந்து எத்தனை பேர் வாசலுக்குப் போய் இலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்! அவர்களுக்கு எக்ஸ்பிரஸ் யாரென்றே தெரியாது.

முதுகு முழுக்கத் தேறியதும் அவளே சொந்தமாக ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டாள். அதற்கும் காற்று அவர் கைதான். வேறு யாரையும் தொடவிடமாட்டார்.

நேற்றுச் சாயங்காலம் அதன் முன் சக்கரத்துக்குப் புது டயர் போட்டார். ரிம்மில் சரியாக உட்காருவதற்காகக் கல் மாதிரி அடித்துவைத்தார். "நாளைக்குக் காலைல உங்களை உக்காரவெச்சுப் பாத்து இறக்குறேன் அண்ணி, அதுவரைக்கும் எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

முன் சக்கரத்தில் இன்னும் காற்று இறக்கவில்லை.